பதினாலாம் ராக் பற்றி வாத்திடம் விசாரித்தவர்

மனித குலம் இதுவரை பெற்ற மகான்களை எல்லாம் ஒரே வரிசையில் நிற்க வைத்தால், எங்கள் கிடங்கின் மாடியறையில் ஒன்றரை வருடமாக எழுந்தருளியிருக்கும் மூத்த மென்பொருள் வல்லுநர்தான் முதல் ஆளாக நிற்பார். யாரும் அவரை முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதில்லை. அவரே போய் நின்றுகொள்வார். நின்றபின் திரும்பிப் பார்த்து, இந்த வரிசை ரொம்ப நீளமாக இருக்கிறது, நாலு நாலு பேராக உடைக்க வேண்டும் என்றும் சொல்வார்.

நான் அந்தக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். மூட்டை என்பது பழக்கதோஷம். வருவதெல்லாம் டைல்ஸ் பெட்டி. பெட்டி ஒன்று முப்பது கிலோ. இருபத்திரண்டு வருடமாகத் தூக்குகிறேன். இத்தனை வருடத்தில் நான் உலகத்துக்குச் செய்த தொண்டு, பெட்டியைக் கீழே போடாமல் இருந்தது ஒன்றுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே நாற்பத்தாறாம் வயதில், பெட்டிமேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் பார்த்து. ஆகவே நான் எழுதுவதில் பிழை இருந்தால் அது என் பிழை. மூத்தவர் செய்ததில் பிழை இருந்தால் அதுவும் எங்கள் பிழைதான் என்று பிற்பாடு ஓர் அறிக்கை வந்தது. அதற்கு வருகிறேன்.

கிடங்கில் இருபது ராக் இருக்கின்றன. இரும்புக் கால் நட்டு, குறுக்குச் சட்டம் போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தட்டு. எந்தச் சரக்கு எந்த ராக்கில் எந்தத் தட்டுக்குப் போக வேண்டும் என்பதை ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் மாட்டியிருக்கும் சின்னத் திரை சொல்லும். திரைக்குச் சொல்வது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குச் சொல்வது மாடியறை. மாடியறைக்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது.

வண்டி ஓட்டுகிறவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. அவன் கண்ணுக்கு நேராகச் சுவரில் ஒரு பலகை: "திரை சொல்வதை மட்டும் செய்யவும். சொந்த யோசனைக்கு அனுமதி இல்லை." ஒரு தடவை அவன் சொந்தமாக யோசித்துவிட்டான். ஒழுகுகிற கூரைக்கு நேர்கீழே அட்டைப்பெட்டிகளை இறக்கச் சொன்னது திரை. அவன் நாலடி தள்ளி இறக்கினான். பெட்டி நனையவில்லை. மெமோ வந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று அதில் இருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். அன்றிலிருந்து யோசிப்பதை எல்லாம் வீட்டோடு வைத்துக்கொண்டான். வீட்டிலும் அப்படி ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லையே என்றாள் அவனுடைய சொந்த அக்கா.

இனி பதினாலாம் ராக். ஒன்பது பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு லாரி பின்னால் வந்து அதன் இடது காலில் இடித்தது. கால் வளைந்தது. நிர்வாகம் உடனடி நடவடிக்கை எடுத்தது: சுத்தியலால் நாலு தட்டு, மேலே மஞ்சள் பெயிண்ட். மஞ்சள் அடித்தால் இரும்பு நிமிர்ந்துவிடும் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை.

அப்போது மாடியறையில் ஒரு கண்ணாடிக்காரர் இருந்தார். கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதுகிறவர். மாடியில் தண்ணீர் வரவில்லை என்று குடிக்கக் கீழே வந்தவர், பதினாலின் காலைப் பார்த்துவிட்டு இது என்ன என்று என்னைக் கேட்டார். சொன்னேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, காலின் வளைவைப் பார்த்தார். எவ்வளவு தாங்கும் என்றார். மேல்தட்டில் ஒன்றும் வைக்கக்கூடாது, நடுத்தட்டில் பாதிதான் என்றேன். மறுநாளிலிருந்து திரை பதினாலின் மேல்தட்டைச் சொல்வதே இல்லை. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதன்பிறகு எட்டு வருடம் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால், அது யாரோ செய்த வேலை என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது.

இந்த நிலையில்தான் மூத்தவர் வந்தார்.

பழைய கண்ணாடிக்காரர் எழுதியதை எல்லாம் திருத்தி எழுத வந்தார். மூன்று நாள் உட்கார்ந்து படித்தார். அந்த மூன்று நாளும் அவர் விட்ட பெருமூச்சு லாரி நிற்கிற இடம்வரை கேட்டது. நாலாம் நாள் தன் கொள்கைகளை அறிவித்தார். எந்த உத்தரவும் நாலு வரிக்குமேல் போகக்கூடாது. போனால் உடைக்க வேண்டும். உடைத்ததும் நாலுக்குமேல் போனால் அதையும் உடைக்க வேண்டும். நாங்கள் கீழே ஒரு டைல்ஸை உடைத்தால் விளக்கம் எழுதித் தர வேண்டும்; மாடியில் உடைப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்தது, வைக்கிற பேர் தன்னைத்தானே சொல்ல வேண்டும். ஒரு நாள் காலையிலிருந்து சாப்பாட்டு நேரம்வரை ஐந்து பேர் ஒரு விஷயத்துக்கு என்ன பேர் வைப்பது என்று வாதாடினார்கள். "பெட்டி" என்பதா, "பொருள்" என்பதா, "அலகு" என்பதா. அதற்குள் நாங்கள் கீழே இரண்டு லாரியை இறக்கிவிட்டோம். நாங்கள் வைத்த பேர் "இது", "அது". கனமாக இருந்தால் "சனியன்". குழப்பமே வரவில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் விளக்கக் குறிப்பு பற்றிய கொள்கை. கம்ப்யூட்டருக்கு எழுதும் உத்தரவுக்கு, அவர்கள் பேச்சில் கோடிங்குக்கு, நடுவே, பின்னால் படிக்கிற மனிதர்களுக்காகச் சாதாரணப் பேச்சில் ஒரு வரி எழுதி வைக்கலாமாம். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. இதற்குக் கமெண்ட் என்று பெயர். மூத்தவருக்கு அது ஆகவே ஆகாது. விளக்கம் எழுதுகிறவன், தான் எழுதியது புரியாது என்று தானே ஒத்துக்கொள்கிறான் என்பார். கமெண்ட் பொய் சொல்லும், கோடிங் பொய் சொல்லாது என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், ஏ.சி.க்கு நேரே நிற்பதால் முடியும் பறக்கும்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அந்தக் கூட்டங்களில் இருந்தேன். அவர்கள் பின்பற்றும் முறையில் ஒரு விதி: அறையில் ஒரு "பயனர் பிரதிநிதி" இருக்க வேண்டும், அதாவது அந்த உத்தரவுகளின்படி நிஜமாக வேலை செய்கிற ஆள். அந்த வாரம் எனக்குத் தோள்பட்டை பிசகியிருந்தது. சும்மா நிற்கிறவன் அங்கே போய் நில் என்று கிடங்கு மேலாளர் அனுப்பிவிட்டார்.

அங்கே நிஜமாகவே நிற்கத்தான் வேண்டும். தினமும் காலையில் பதினைந்து நிமிடம் எல்லோரும் வட்டமாக நின்று பேசுவார்கள். நின்றால்தான் பேச்சு சுருங்குமாம். பத்தாவது நிமிடத்தில் ஆளாளுக்கு முழங்காலைப் பிடித்துக்கொள்வார்கள். நான் அவர்களுக்காக உள்ளபடியே வருத்தப்பட்டேன். பிறகு சீட்டு விளையாடுவார்கள். ஒரு வேலை எவ்வளவு கடினம் என்று ஆளுக்கு ஒரு எண் போட்ட சீட்டைக் குப்புற வைத்து, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். கீழே நாங்கள் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சீட்டை எடுத்தால் காவலாளி பிடுங்கிக்கொண்டு போவார். மாடியில் அதற்கு "மதிப்பீடு" என்று பேர்.

மூத்தவர் மேஜையில் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்து உண்டு. குழந்தைகள் குளிக்கும்போது விடுகிற வாத்து. எழுதியதில் எங்கேயாவது சிக்கல் வந்தால் அவர் அந்த வாத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாக அதற்கு விளக்குவார். விளக்கிக்கொண்டே வரும்போது தவறு தானாகத் தெரிந்துவிடுமாம். இது உலகம் முழுக்க நடப்பது என்று சொன்னார்கள். வாத்து பொறுமையாகக் கேட்கும். நடுவில் பேசாது. மூத்தவர் எதிர்பார்க்கும் எல்லா நற்குணமும் அதனிடம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, சுவரில் மாட்டிய பெரிய திரையில் பழைய உத்தரவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஆங்கில எழுத்து. எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. திடீரென்று நடுவில் தமிழ் வந்தது. அந்தச் சுவரில் என்னால் படிக்க முடிந்தது அது ஒன்றுதான். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"இதைத் தொடாதீர்கள். பதினாலாம் ராக்கின் இடது கால் வளைந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் கீழே இறங்கிப் போய் டைல்ஸ் தூக்கும் அண்ணனைக் கேளுங்கள்."

கண்ணாடிக்காரர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எட்டு வருடம் நான் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாது.

மூத்தவர் சிரித்தார். நல்ல மனிதர்கள் கெட்டதைப் பார்த்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சிரிப்பு. பாருங்கள், ஒரே வரியில் மூன்று குற்றம் என்றார். பதினாலு என்கிற எண்ணை நேராக எழுதியது ஒன்று. எல்லா ராக்குக்கும் ஒரு நீதி, ஒன்றுக்கு மட்டும் வேறு நீதி என்பது இரண்டு. மேலே கமெண்ட் வேறு.

நான் கையைத் தூக்கினேன். பிசகாத கையை.

"சார், அந்த அண்ணன் நான்தான்."

அவர் என்னை அன்போடு பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்ணே. உங்க அனுபவத்தை நாங்க மதிக்கிறோம். ஆனா ராக் வளைஞ்சிருந்தா ராக்கைச் சரி பண்ணணும். அதுக்காகக் கோடிங்கை வளைக்கக் கூடாது."

"ராக்கைச் சரி பண்ணலையே சார்."

"அது வேற டிபார்ட்மென்ட்."

புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், பொறியாளர், மெதுவாக வாயைத் திறந்தார். அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை கீழே போய்ப் பார்த்துவிடலாமா சார், நாற்பது படிதானே என்றார். மூத்தவர் அவருக்குப் பொறுமையாகப் பாடம் நடத்தினார். கீழே போய்ப் பார்த்தால்தான் புரியும் என்றால் அது கெட்ட கோடிங். நல்ல கோடிங் படிக்கிற இடத்திலேயே புரிய வேண்டும். ஒரு வரிக்காக நாற்பது படி இறங்குவது கொள்கைக்கே இழுக்கு.

ஆனாலும் அவர் அவசரக்காரர் இல்லை. ஒரு முடிவை எடுக்குமுன் ஆலோசிக்கிறவர். வாத்தைத் திருப்பி வைத்தார். பதினாலாம் ராக் பற்றி முழுக்க அதற்கு எடுத்துச் சொன்னார். அரைமணி நேரம் ஆனது. நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாத்து மறுப்புத் தெரிவிக்கவில்லை. மேல்தட்டைத் தடுத்த வரி, கமெண்டோடு சேர்ந்து போயிற்று.

அந்த ஒரு வரிதான் என் மச்சினன் தலைக்கும் இரண்டு டன் டைல்ஸுக்கும் நடுவில் இருந்தது. நான் அதை மேலாளரிடம் சொன்னேன். முறைப்படி டிக்கெட் போடுங்கள் என்றார். டிக்கெட் என்றால் மனு. அந்தப் பெண் பொறியாளர் எனக்காக எழுதிப் போட்டார். அதற்குச் சீட்டு விளையாடினார்கள். மூத்தவர் பதின்மூன்று காட்டினார். பதின்மூன்று என்றால் ரொம்பக் கடினம், மூன்று வாரம் பிடிக்கும், இப்போதைக்கு முன்னுரிமை இல்லை. அழித்த வரியைத் திரும்ப எழுத ஏன் மூன்று வாரம் என்று கேட்டேன். அழிப்பது சுலபம்ணே, திரும்ப எழுதினால் அழகு கெடாமல் எழுத வேண்டுமே என்றார்.

மூன்று வாரம் நான் சும்மா இருக்க முடியாது. மீந்துபோன கறுப்புப் பெயிண்டை எடுத்து, பதினாலின் மஞ்சள் காலில், என் கையாலேயே எழுதினேன்: "மேல்தட்டில் ஏற்றாதே. கால் பழுது." எழுத்து கோணல்தான். காலும் கோணல்தான். பொருத்தமாகவே இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை பத்தரை மணிக்கு மச்சினன் வண்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான். வண்டி முனையில், சரக்கு அடுக்கும் மரப்பலகை ஒன்று நிறைய டைல்ஸ், எழுநூறு கிலோ.

"மாமா, திரை பதினாலு மேல்தட்டுங்குது. உங்க எழுத்து வேணாங்குது. நான் இப்ப யாரு பேச்சைக் கேக்கறது?"

"இறக்காத மாப்ள. அப்படியே நில்லு. கேட்டுட்டு வரேன்."

"சீக்கிரம் கேளுங்க. நின்னா திரை சிவப்பாகுது. மூணு நிமிஷம் சிவப்பா இருந்தா அதுக்கும் மெமோவாம்."

மேலாளரிடம் ஓடினேன். திரை என்ன சொல்கிறது என்றார் அவர். திரை தப்பாகச் சொல்கிறது சார் என்றேன். தப்பாகச் சொல்வதற்கு அதென்ன மனுஷனா என்று கேட்டுவிட்டு, கதவைத் திறந்து என் மச்சினனைப் பார்த்து, இரண்டாவது மெமோ வேண்டுமா என்று அங்கிருந்தே விசாரித்தார். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். ஏற்றினான்.

முதல் பலகை நின்றது. இரண்டாவது பலகை நின்றது. மாடியில் மூத்தவரின் திரையில் பதினாலாம் ராக் பச்சையாக ஒளிர்ந்ததாம். எட்டு வருடமாகக் காலியாகக் கிடந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியதற்காக எல்லோரும் கைதட்டினார்களாம். மூன்றாவது பலகையை வைத்துவிட்டு, கீழ்த்தட்டில் சரிந்திருந்த ஒரு பெட்டியைத் தள்ளிவிட வண்டியை விட்டு இறங்கினான் என் மச்சினன். கால் மடிந்தது. முதலில் ராக்கின் கால். பிறகு அவனுடையது.

வலது கால், முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. பெட்டிகளை எடுத்துப்போட்டு அவனை வெளியே இழுத்தது நான்தான். ஒரு பெட்டி முப்பது கிலோ. தோள் பிசகியிருந்தது எனக்கு அப்போது ஞாபகம் இல்லை.

மறுவாரம் மாடியறையில் விசாரணை. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் "பழி சாராத ஆய்வு". மென்பொருள் உலகத்தின் உன்னதமான கண்டுபிடிப்பு இது. யாரையும் குறை சொல்லக்கூடாது; குறை சொன்னால் ஆட்கள் பயந்து உண்மையை மறைப்பார்கள்; ஆகவே அமைப்பைத்தான் ஆராய வேண்டும். மூத்தவர் இதை விளக்கியபோது எனக்குக் கண் கலங்கியது. இந்த விதியைக் கடைசிவரை காப்பாற்றினார்கள். அறையில் இருந்த ஒருவர்மேலும் பழி விழவில்லை. என் மச்சினன் அறையில் இல்லை. அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். பழியும் பாரம் மாதிரிதான். மாடியில் வைக்க இடம் கொடுக்காவிட்டால் கீழே இறங்கிவிடும்.

ஆராயும் முறை இது: "ஏன்" என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனில் மூலகாரணம் கிடைத்துவிடும். டைல்ஸ் ஏன் விழுந்தது? ராக் சாய்ந்ததால். ராக் ஏன் சாய்ந்தது? பாரம் கூடியதால். பாரம் ஏன் கூடியது? ஓட்டுநர் ஏற்றியதால். ஓட்டுநர் ஏன் ஏற்றினார்? ராக்கின் காலில் தெளிவாக எழுதப்பட்டிருந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாததால். ஏன் பொருட்படுத்தவில்லை? கவனக்குறைவு.

முடிந்தது. ஐந்து.

நான் மறுபடி கையைத் தூக்கினேன். திரை ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். அது ஆறாவது ஏன், முறையில் ஆறாவது கிடையாது என்றார் மூத்தவர். அதை மூன்றாவதாகவே கேட்டிருக்கலாமே சார் என்றார் பெண் பொறியாளர். நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அவர் வாயை மூடவில்லை. அடுத்த மாதம் அவர் வேறு அறைக்குப் போய்விட்டார். வாத்து அங்கேயே இருந்தது.

அறிக்கையில் பயனர் பிரதிநிதி கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் கம்ப்யூட்டர் அதை ஏற்காது. எனக்காகத் தமிழில் ஒரு படி எடுத்துக் கொடுத்தார்கள். நான்கு பக்கம். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். நாற்பது நிமிடம் ஆனது. அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். நின்றால் நல்லது என்று அவர்கள்தானே சொன்னார்கள்.

மூன்றாம் பக்கத்தில் என் எழுத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். "மேல்தட்டில் ஏற்றாதே. கால் பழுது." படம் வேறு. கண்ணாடிக்காரர் எழுதியது எங்கேயும் இல்லை. கமெண்ட் பொய் சொல்லும் என்று உபதேசித்த மகான், தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கமெண்டை நம்பி, அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தார். நான் மச்சினனைக் காப்பாற்ற எழுதியதே அவனை மாட்டிவைத்த எழுத்தாக ஆகிவிட்டது. கடைசிப் பக்கத்தில், ஓட்டுநர் திரையை மட்டும் நம்பாமல் சொந்தமாக யோசித்திருக்க வேண்டும் என்று இருந்தது. சுவரில் இருந்த பலகையை அந்த வாரமே கழற்றிவிட்டார்கள். ஆணி மட்டும் இருக்கிறது.

"போடுங்கண்ணே," என்றார் மூத்தவர். பேனாவையும் அவரே திறந்து கொடுத்தார்.

"நான் போட மாட்டேன் சார்."

"ஏன்?"

"அது ஒண்ணாவது ஏன் சார். இன்னும் நாலு இருக்கு. கேளுங்க, சொல்றேன்."

அவர் கேட்கவில்லை. கோபப்படவும் இல்லை, பண்பாளர். நாற்காலியில் உட்கார்ந்தார். படிவத்தில் பயனர் கையெழுத்து "கட்டாயம்" என்று இருந்ததை "விருப்பம்" என்று மாற்றினார். ஒரே வரி. வட்டமாக நிற்கவில்லை, சீட்டைத் திருப்பவில்லை, வாத்தைக்கூடக் கலக்கவில்லை. பத்து நிமிடத்தில் முடிந்தது. அறிக்கை போய்ச் சேர்ந்தது. ஒரு வரியை மாற்ற மூன்று வாரம் ஆகும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய அறியாமை என்று அப்போதுதான் விளங்கியது.

மச்சினனுக்கு வேலை போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "யோசிச்சதுக்கு ஒரு மெமோ, யோசிக்காததுக்கு ஒரு டிஸ்மிஸ். நடுவுல எவ்வளவு யோசிக்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கா மாமா?" என்றான். தேடிப் பார்த்தேன். இல்லை. நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதற்கு இந்த வீட்டுக்கு வருகிறது எல்லாம் இப்படிக் காகிதம்தானா என்று என் மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு, தம்பியின் கட்டுப் போட்ட காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்தாள்.

பதினாலாம் ராக்கை மறுபடி நிமிர்த்தினார்கள். அதே கால், அதே சுத்தியல், புது மஞ்சள். மஞ்சள் அடித்ததில் என் எழுத்து மறைந்துவிட்டது. மேல்தட்டில் மறுபடி டைல்ஸ் ஏறியிருக்கிறது. வரியைத் திரும்ப எழுதும் டிக்கெட் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கேள்வி.

மூத்தவருக்குப் பதவி உயர்வு. ஏதோ ஒரு மாநாட்டில் பேசவும் அழைப்பு. தலைப்பு: "ஒரு சரிவு எனக்குக் கற்பித்தது." அதற்கு ஒரு படம் வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமை அவர் நாற்பது படி இறங்கிக் கீழே வந்தார். அவருடைய சரித்திரத்தில் முதல் தடவை. கையில் வாத்து. படம் எடுக்க ஓர் ஆள். பதினாலாம் ராக்குக்கு நேர்கீழே போய், இடது காலில் ஒரு கையை ஊன்றி, வாத்தை மார்போடு வைத்துக்கொண்டு, தொலைவைப் பார்த்தபடி நின்றார். மகான்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

நான் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மேலே எங்கேயோ இரும்பு லேசாக முனகியது. எங்களுக்கு அது தினம் கேட்கிற சத்தம். அவருக்குப் புதிது. ஊன்றிய கையை எடுத்தார். அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது... விழுமா?"

எட்டு வருடமாகக் கம்ப்யூட்டருக்குள் எழுதியிருந்தது இதைத்தான். கீழே இறங்கிப் போய் அண்ணனைக் கேளுங்கள். கேட்டுவிட்டார். கொஞ்சம் முன்னாலேயே கேட்டிருந்தால் என் மச்சினன் இன்றைக்கு இரண்டு காலில் நடந்து வேலைக்கு வந்திருப்பான். ஆனாலும் கேட்டாரே. அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன்.

"என்னை எதுக்கு சார் கேக்கறீங்க," என்றேன் மரியாதையாக. "அவரு உங்க கையிலதானே இருக்காரு. அவரைக் கேளுங்க."

மூத்தவர் ஒரு கணம் வாத்தைப் பார்த்தார். பிறகு அதை அங்கேயே போட்டுவிட்டு, லாரி நிற்கிற இடம்வரை ஓடினார். தன் கால் என்று வந்தபோது அவர் வாத்தைக் கேட்கவில்லை.